கல்யாணக் கச்சேரியில் இடி முழக்கம் செய்யும் பழைய பெட்டி!

குன்றத்தூர் முருகன் மலைக்கு 84 படிகள். முகூர்த்த நாள் என்றால் அந்தப் படிகளில் கால் வைக்க இடம் இருக்காது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் இறங்கி வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் அடுத்த ஜோடி! அதற்கும் பின்னால் இன்னொரு ஜோடி!

காலையில் தாலி கட்டு. மாலையில் வரவேற்பு. வரவேற்பு என்றால் பாட்டுக் கச்சேரி இல்லாமலா?

மண்டபத்து வாசலில் வேன் வந்து நிற்கிறது. டிரம் இறங்குகிறது. கீபோர்டு இறங்குகிறது. கடைசியாக, இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டியை இறக்குகிறார்கள். மூலை எல்லாம் தேய்ந்த பெட்டி. வயதான பெட்டி.

"இதை இன்னுமா சுமக்கிறீங்க, அண்ணே?" என்று பந்தல்காரப் பையன் கேட்கிறான்.

"பொறு தம்பி. அது பேசும்போது கேளு" என்று பதில் வருகிறது.

இரவு 7 மணி. பாட்டு தொடங்குகிறது. "தும்... தும்..." என்று ஓர் ஓசை எழுகிறது. அது காதில் மட்டும் விழவில்லை. நெஞ்சில் விழுகிறது. நாற்காலியில் விழுகிறது. முன் வரிசையில் இருக்கும் பாட்டியின் கால், அவருக்கே தெரியாமல் தாளம் போடுகிறது.

அந்தப் பெட்டிதான் பேஸ் கித்தாரின் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும்!

தென் சென்னைப் புறநகரில் இப்படிப்பட்ட கச்சேரிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. பழைய பெட்டி ஒன்றை வாங்குவது அவர்களுக்குப் பெரிய செலவு. நல்லதாக அமைந்தால் பல வருஷம் சோறு போடும். கெட்டதாக அமைந்தால் பணம் போகும். கவனக் குறைவாகத் திறந்தால் உயிரே போகும்!

அப்படிப்பட்ட பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது? எப்படிக் காப்பாற்றுவது?

அடிக்குரல் எதற்கு?

மிருதங்கத்தைப் பாருங்கள். அதற்கு இரண்டு முகம். வலது முகம் கணீர் என்று பேசும். இடது முகத்தின் பெயர் தொப்பி. கச்சேரிக்கு முன்னால் தொப்பியில் ரவைப் பசையை அப்புவார்கள். எதற்காக? "கும்" என்ற கனத்த ஓசை வருவதற்காக. தொப்பி பேசாவிட்டால் மிருதங்கம் வெறும் தட்டல்தான்.

மெல்லிசைக் கச்சேரியில் தொப்பியின் வேலையைச் செய்வது பேஸ் கித்தார். சாதாரணக் கித்தாருக்கு 6 கம்பி. இதற்குப் பெரும்பாலும் 4 கம்பி. கம்பி ஒவ்வொன்றும் தடிப்பு. அடிக் கம்பியை மீட்டினால் அது ஒரு விநாடிக்கு 41 தடவைதான் அதிரும்.

அந்த ஓசையின் அலை ஒன்று எவ்வளவு நீளம் தெரியுமா? சுமார் 27 அடி! ஒரு லாரியின் நீளம்! இவ்வளவு பெரிய அலையைக் காற்றில் எழுப்ப வேண்டுமானால் சின்ன ஸ்பீக்கரால் முடியாது. பெரிய ஸ்பீக்கர் வேண்டும். கனமான பெட்டி வேண்டும். பலமான ஆம்ப்ளிபயர் வேண்டும். பெட்டி கனக்கும் ரகசியம் இதுதான்.

இளையராஜாவின் பாட்டுகளில் பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் கித்தார் இன்னொரு வழியில் ஓடி, இரண்டும் ஓர் இடத்தில் வந்து சேரும். அந்த அழகைத் தமிழ் மக்கள் 1976 முதல் கேட்டு வருகிறார்கள். அந்த ஆண்டில்தான் அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது. ஏ.ஆர். ரகுமானின் பல பாட்டுகளில் பேஸ் கித்தார் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். அந்தப் பாட்டுகளை மேடையில் பாட வேண்டும் என்றால், அடிக்குரல் இல்லாமல் நடக்காது.

ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்த புரட்சி

ஒரு காலத்தில் மேல்நாட்டுச் சங்கீதத்தில் அடிக்குரலுக்கு ஒரு பூதாகாரமான வாத்தியம் இருந்தது. அதன் பெயர் டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வாசிப்பார்கள். தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விடும். அப்படியும் மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அதன் ஓசை அமுங்கிப் போகும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லியோ பெண்டர் என்பவர் இருந்தார். ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! ஆனால் கித்தார் செய்யத் தெரிந்தது. 1951-ம் ஆண்டில் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சாரப் பேஸ் கித்தாரை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1952-ல் அதற்கென்றே ஓர் ஆம்ப்ளிபயர் செய்தார். அதன் பெயர் பேஸ்மேன். அதில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது.

எவரெட் ஹல் என்ற இன்னொரு அமெரிக்கர், டபுள் பேஸ் வாசிப்பவர். அந்த வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் கால்கம்பிக்கு 'பெக்' என்று பெயர். அதற்குள் அவர் ஒரு மைக்கை வைத்தார். 'ஆம்ப்ளிபைட் பெக்' என்ற அந்தச் சொற்கள் சுருங்கி 'ஆம்பெக்' என்ற கம்பெனிப் பெயர் ஆயிற்று.

1960-ல் ஆம்பெக் கம்பெனி ஒரு விநோதப் பெட்டியைக் கொண்டுவந்தது. வாசிக்கும்போது ஆம்ப்ளிபயர் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருக்கும். வாசித்து முடித்ததும் அதைக் குப்புறக் கவிழ்த்தால் பெட்டிக்குள்ளேயே போய்விடும்! அதன் பெயர் பி-15.

1969-ல் அதே கம்பெனி ஓர் இராட்சதனைப் படைத்தது. எஸ்.வி.டி. என்று பெயர். 300 வாட் சக்தி. 14 வால்வுகள். ஆம்ப்ளிபயர் மட்டுமே சுமார் 40 கிலோ எடை. அதன் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் 8 இருந்தன. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவினர் அந்த ஆண்டு அமெரிக்கா முழுவதும் செய்த சுற்றுப் பயணத்தில், கூட்டத்தின் கூச்சலை வென்றது இந்தப் பெட்டிதான்.

வால்வு என்றால் என்ன?

வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். பழைய ரேடியோவைத் திருகியதும் பாடாது. உள்ளே சின்ன விளக்குகள் போல ஏதோ சிவக்கும். அரை நிமிஷம் கழித்துத்தான் குரல் வரும். அந்தக் கண்ணாடிக் குடுவைகள்தான் வால்வுகள்.

சென்னைக்கு வானொலி வந்ததே வால்வின் தயவால்தான். 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. கோயில் திருவிழாவுக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் வந்த பழைய மைக் செட்டுகளிலும் வால்வுதான் இருந்தது.

1947-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். மிளகு அளவுச் சாமான் ஒன்று, கத்திரிக்காய் அளவு வால்வின் வேலையைச் செய்தது! சூடும் குறைவு. விலையும் குறைவு. வால்வுக்கு மவுசு போயிற்று.

ஆனால் கித்தார்க்காரர்கள் மட்டும் வால்வை விடவில்லை. ஏன்?

ஆம்ப்ளிபயரின் சக்திக்கு மேல் வாசித்தால் ஓசை உடையும். டிரான்சிஸ்டரில் அது அரிவாளால் வெட்டியதுபோலச் 'சடக்' என்று உடையும். வால்வில் கூழாங்கல்போல மழுங்கி உடையும். அந்த மழுங்கலைக் காது இனிமையாக எடுத்துக்கொள்கிறது. "ஓசையில் ஒரு சூடு இருக்கிறது" என்று வாசிப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

வால்வு இல்லாமல் கச்சேரி நடக்காதா? தாராளமாக நடக்கும். இன்று 3 கிலோ எடையில், டிபன் பெட்டி அளவில், 500 வாட் ஆம்ப்ளிபயர் கிடைக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கு அதுவே போதும். பழைய பெட்டியை விரும்புகிறவர்கள் மட்டும் மேலே சொல்லப்போகும் சங்கடங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

வாங்கும் முன்னே...

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறார்கள். பழைய ஆம்ப்ளிபயரைக் கண், மூக்கு, கை, காது நான்கினாலும் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் மூக்கு! பின்பக்கத்தில் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் டிரான்ஸ்பார்மர் ஒரு முறை வெந்திருக்கலாம். டிரான்ஸ்பார்மர்தான் அந்தப் பெட்டியின் இருதயம். அது போனால் மாற்றுவது கஷ்டம். செலவும் அதிகம்.

அடுத்தது கண்! வால்வின் உச்சியில் வெள்ளி பூசியதுபோல ஒரு பளபளப்பு இருக்கும். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வு செத்துவிட்டது. வேறு வால்வு போடலாம். ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் வால்வு செய்கிறார்கள். வால்வு போனதற்காகப் பெட்டியை ஒதுக்க வேண்டாம். விலையில் குறைத்துக் கேளுங்கள்!

பிறகு கை! ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை இரண்டு பக்கமும் விரலை விரித்து வைத்து, மெள்ள உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். "சர்ர்" என்று உரசினால் உள்ளே கம்பிச் சுருள் கோணலாகிவிட்டது என்று அர்த்தம். கூம்பின் ஓரத்தில் நுரைபோன்ற வளையம் இருந்தால் நகத்தால் தொட்டுப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் வளையத்தை மாற்ற வேண்டும். துணி ஓரமும் மடிப்புக் காகித ஓரமும் நீண்ட நாள் உழைக்கும்.

கடைசியில் காது! சும்மா "ஹலோ, ஹலோ" என்று மைக்கில் சொல்லிப் பார்த்து வாங்காதீர்கள். சொந்தப் பேஸ் கித்தாரை எடுத்துப் போங்கள். அடிக் கம்பியை மீட்டுங்கள். அரை மணி நேரம் வாசியுங்கள். பழைய செட்டின் நோய் சூடேறிய பிறகுதான் வெளியே வரும்.

வாசிக்காதபோது கனமான "ம்ம்ம்" என்ற ரீங்காரம் கேட்கிறதா? உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் வறண்டுவிட்டன. 20, 30 வருஷத்தில் அவை வறள்வது இயல்பு. கெட்டிக்கார மெக்கானிக் மாற்றித் தருவார். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

சாமான் வேண்டும் என்றால் சென்னை மவுண்ட் ரோடு அருகே ரிச்சி தெரு இருக்கிறது. கண்டென்சர், பியூஸ், பிளக், ஸ்பீக்கர் எல்லாம் வரிசைக் கடைகளில் கிடைக்கும்.

பல வருஷம் பரணில் தூங்கிய செட்டை நேராகப் பிளக்கில் சொருகிவிடக் கூடாது. மெக்கானிக்குகள் 'சீரிஸ் பல்பு' வைத்துச் சோதிப்பார்கள். அதாவது, மின்சாரம் ஒரு பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு வழியாகச் செட்டுக்குப் போகும். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே 'ஷார்ட்' இருக்கிறது. செட் எரியாமல் பல்பு தடுத்துவிட்டது!

எமன் உள்ளே இருக்கிறான்!

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படியுங்கள். சிறுவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லும். வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பெரிய செட்டுகளில் 600, 700 வரை போகும்.

அதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் கண்டென்சருக்குள் பதுங்கி இருக்கும்! "பிளக்கைத்தான் எடுத்தாயிற்றே" என்று நம்பிக் கை வைப்பவருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். அதை வடித்துவிட்டு வேலை செய்யத் தெரிந்தவர்தான் மூடியைத் திறக்க வேண்டும். திருப்புளி இருக்கிறது என்பதற்காகத் திறக்கக் கூடாது.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய செட்டுகளில் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, வோல்ட். அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட். அந்தச் செட்டை நம் ஊர் 230-ல் சொருகினால் ஒரு நொடியில் புகை வரும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். செட்டின் பின்னால் ஒட்டிய தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

மற்றொன்று, எர்த். அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில் இரண்டு முனைப் பிளக்தான் உண்டு. எர்த் கிடையாது. உள்ளே ஏதாவது பழுது வந்தால் மின்சாரம் கித்தார்க் கம்பி வரை வந்துவிடும். ஒரு கை கித்தாரில். உதடு மைக்கில். மின்சாரம் உடம்பு வழியாக ஓடும்! இப்படி மேடையிலேயே உயிரை இழந்தவர்கள் உலகில் உண்டு.

செட்டை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மூன்று முனைப் பிளக் போட்டு எர்த் கொடுப்பது. பாலிஷ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மண்டபத்திலும் ஜெனரேட்டரிலும் எர்த் இருக்கிறதா என்று கச்சேரிக்கு முன் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பியூஸ் போனால் அதே அளவு பியூஸைத்தான் போட வேண்டும். தடிக் கம்பியைச் சுற்றுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும் காவற்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை அழைப்பது போல!

ஜோடிப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஆம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் முக்கியமாகப் பார்க்க வேண்டிய பொருத்தம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஓம்'.

ஸ்பீக்கரின் முதுகில் 4, 8, 16 என்று ஓம் கணக்கு இருக்கும். ஆம்ப்ளிபயரின் பின்னாலும் அதே கணக்கு இருக்கும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். வால்வு ஆம்ப்ளிபயரை ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் வெந்துவிடும். டிரான்சிஸ்டர் செட்டில், எழுதியிருக்கும் ஓம் அளவுக்குக் கீழே போகக் கூடாது.

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் 16 ஓம். இந்தச் சின்னக் கணக்கு தெரியாமல் செட்டைக் கருக்கியவர்கள் அநேகம்.

ஸ்பீக்கரை மீட்டர் வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 என்றுதான் காட்டும். பயப்பட வேண்டாம். அது சரியே.

ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். கித்தாருக்குப் போடும் மெல்லிய கம்பியை ஸ்பீக்கருக்குப் போட்டால் அது சூடாகி உருகும்.

பெட்டிக்குள் இரண்டு, நான்கு ஸ்பீக்கர்கள் இருந்தால் எல்லாம் ஒரே திசையில் தள்ள வேண்டும். ஒன்று முன்னே தள்ள, மற்றொன்று பின்னே இழுத்தால் அடிக்குரல் காணாமல் போகும். இதைச் சோதிக்க 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று போதும். அதை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரே முறையில், ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். கூம்புகள் எல்லாம் ஒரே பக்கம் அசைய வேண்டும். எது மாறி அசைகிறதோ, அதன் கம்பிகளை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

பெரிய ஸ்பீக்கர் ஒன்றா? சின்னது நாலா?

15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று நல்லதா? 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு நல்லதா? ஒரு வாய்ப்பாடு போட்டுப் பாருங்கள்.

15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225. பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. நான்கு சேர்ந்தால் 400. ஆகவே சின்னது நான்கும் சேர்ந்தால், பெரியது ஒன்றைவிட அதிகக் காற்றைத் தள்ளும். ஓசையும் தெளிவாக இருக்கும். ஆனால் பெட்டி கனக்கும். சின்ன மண்டபத்துக்கு 15 அங்குலம் ஒன்றே தாராளம்.

வாட் கணக்கிலும் ஏமாறக் கூடாது. 100 வாட்டைவிட 200 வாட் இரண்டு மடங்கு சத்தமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை! கொஞ்சம்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும்.

பெட்டியின் மரத்தையும் தட்டிப் பாருங்கள். முக்கால் அங்குலப் பிளைவுட் என்றால் நல்லது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் ஒரு மழையில் உப்பிவிடும். மூட்டுகளில் இடைவெளி இருந்தால் காற்று "புஸ்" என்று ஒழுகும். கைப்பிடியின் ஆணி தளர்ந்திருந்தால் "டர்ர்" என்று அதிரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பலர் வருத்தப்படுவார்கள். ஆணியை முடுக்கினால் வியாதி போய்விடும்!

வெள்ளம் வந்தபோது...

குன்றத்தூருக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகும். 2015-ம் ஆண்டு டிசம்பரில் நடந்ததை இந்த வட்டாரம் மறக்காது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோதும் தண்ணீர் ஏறியது. கட்டில், பீரோ, பாடப் புத்தகம் எல்லாம் மிதந்தன. பிழைப்புக்கு வைத்திருக்கும் வாத்தியமும் செட்டும் மட்டும் தப்புமா?

ஐப்பசி பிறக்கும் முன்னே செட்டைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். மாடி இருந்தால் மாடியில் வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரில் ஓதம் இருக்கும். கரையான் வழியும் அதுவே.

தண்ணீரில் நனைந்துவிட்டதா? "வேலை செய்கிறதா பார்க்கலாம்" என்று சுவிட்ச் போடுவதுதான் பெரிய தவறு. நனைந்தது பாதி நஷ்டம். நனைந்ததும் சுவிட்ச் போடுவது முழு நஷ்டம்! வால்வுகளையும் உள்பாகங்களையும் மெக்கானிக் கழற்றட்டும். சேற்றைக் கழுவி, நாள்கணக்கில் காய வைத்து, டிரான்ஸ்பார்மரைச் சோதித்த பிறகே மின்சாரம் காட்ட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியைக் கடும் வெயிலில் வைத்தால் பலகை கோணும். நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். காகிதக் கூம்பு ஊறிப் போயிருந்தால் அதற்குப் புதுக் கூம்புதான் கதி.

தினசரிப் பத்தியம்

செட்டைக் காப்பது பிள்ளையை வளர்ப்பது போலத்தான். பெரிய வைத்தியம் வேண்டாம். சின்னப் பத்தியம் போதும்.

சுவிட்ச் போட்டதும் ஒரு நிமிஷம் சூடேற விடுங்கள். பிறகு வாசியுங்கள்.

கச்சேரி முடிந்த உடனே செட்டைத் தூக்காதீர்கள். வால்வு சூடாக இருக்கும்போது குலுங்கினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். சாப்பிட்டு வந்து தூக்குங்கள்.

வாசிக்கும்போது வால்வின் உள்ளே ஆரஞ்சு நிற ஒளி தெரிவது இயல்பு. ஆனால் உள்ளே இருக்கும் தகடே பழுக்கக் காய்ந்ததுபோலச் சிவந்தால் அபாயம். உடனே நிறுத்துங்கள்.

செட்டின் மேல் துணியைப் போடாதீர்கள். காபி டம்ளரை வைக்காதீர்கள். பூ வைத்துக் கும்பிட ஆசை இருந்தால் ஆயுத பூஜை அன்று பிளக்கை எடுத்துவிட்டு வையுங்கள்!

வேனில் ஏற்றும்போது ஸ்பீக்கர் முகம் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறை ஒன்று தைத்துப் போட்டால் தூசி போகாது.

மாதக்கணக்கில் கச்சேரி இல்லையா? மாதம் ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் வாசித்து வையுங்கள். சும்மா கிடந்தால் துருப் பிடிக்கும்.

காதுக்கும் காவல்

சத்தம் போடத் தெரிந்தவருக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி வட்டாரம்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! அதற்கு மேல் காது நரம்பு தேயும். தேய்ந்த நரம்பு திரும்ப வளராது. வால்வை மாற்றலாம். கூம்பை மாற்றலாம். காதை மாற்ற முடியாது. மேடையில் இருப்பவர்கள் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்வது நல்லது. கைக்குழந்தையை ஸ்பீக்கர் பெட்டியின் எதிரே உட்கார வைக்காதீர்கள்.

மணி 10. பாட்டு நின்றது. மண்டபத்தில் இலை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. பேஸ் வாசித்தவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பந்திக்குப் போகிறார். பெட்டி ஆறுகிறது.

பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். ஏறக்குறைய 900 வருஷத்துக்கு முன் அவர் பாடியது இன்றும் நிலைத்திருக்கிறது. ஏன்? ஒவ்வொரு தலைமுறையும் அதை எடுத்துப் பத்திரமாக அடுத்த கையில் கொடுத்தது. ஓலையானால் என்ன, மரப் பெட்டியானால் என்ன? பேணுகிறவர் கையில்தான் ஆயுள்.

பந்தல்காரப் பையன் திரும்பி வருகிறான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

"அண்ணே, ஒரு பக்கம் நான் பிடிக்கட்டுமா?"

"பிடி தம்பி. மெதுவா. சூடு இன்னும் இருக்கு!"